கூட்டக் குறிப்பில் எழுதாதவை

தண்டர் பே, பெப்ரவரி, மைனஸ் முப்பத்தொன்று.
மருத்துவமனையின் இரண்டாம் மாடியில்
எல்லாச் சமயத்தாருக்குமான அறை.
எல்லாருக்கும் என்றுதான் கதவில் எழுதியிருக்கிறது.
உள்ளே ஓர் அலுமாரி, ஏழு தட்டுகள்,
திறப்பு என்னிடம்.

அன்று எட்டாவது தட்டுக் கேட்டு வந்தவள்
ஐலா கொஸ்கெலா.
மூன்றாம் இலக்க பஸ் ஓட்டுபவள்.
சீருடையோடே வந்திருந்தாள்,
சப்பாத்துப் பனி தரைவிரிப்பில் உருகிக்கொண்டிருந்தது.
"பேகன்" என்றாள், ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல.
ஒருவர் இருமினார்.
ஒருவர் பேனையை மூடினார்.

ஐந்தாம் மாடியில் அவளுடைய தோழி
மூன்று நாள் எடுத்துச் செத்தாள்.
யாரையாவது கூப்பிடவா என்று கேட்ட தாதி
எங்கள் பட்டியலை விரித்திருக்கிறாள்.
பதினான்கு தொலைபேசி இலக்கங்கள்.
பாதிரியார் வரலாம், மௌலவி வரலாம், நான்கூட வரலாம்.
ஐலா வரமுடியாது: உறவில்லை, பதவியில்லை.
வாகனத் தரிப்பிடத்தில், எஞ்சினை அணைக்காமல்,
எந்த ஜன்னல் எந்த ஜன்னல் என்று எண்ணியபடி
சொல்லவேண்டியதைக் காருக்குள் இருந்தே
சொல்லி முடித்தாளாம்.

பாதர் டெவ்லின் நல்ல மனிதர்.
"டாராவின் தட்டில் இடம் இருக்குமே,
இரண்டும் இயற்கைதானே" என்றார்.
டாரா மிஷானோ, ஒஜிப்வே,
பல் மருத்துவரிடம் உதவியாளர்,
கூட்டங்களில் அதிகம் பேசாதவள்.
"இல்லை" என்றாள்.
"புகை அலாரத்தை அரைமணி நேரம் அணைத்துவைக்க
என் ஆட்கள் பதினொரு வருடம் கடிதம் எழுதினார்கள்.
அந்தத் தட்டு எங்களுடையது.
அவளுக்கு அவளுடையதைக் கொடுங்கள்."
ஐலா தலையசைத்தாள். கோபம் இல்லை.
அந்த அறையில் அன்று
ஒருவரையொருவர் சரியாக விளங்கிக்கொண்டது
அவர்கள் இருவர்தான்.

வாக்கெடுப்பு மூன்றுக்கு மூன்று.
ஏழாவது கை என்னுடையது.
அது மேசைக்கடியில் கிடந்தது.

ஏனென்று குறிப்பில் இல்லை. இங்கே எழுதுகிறேன்.
என் தட்டில் இருப்பது பித்தளைப் பிள்ளையார்,
கோயில் சபை தந்தது, துடைக்கச் சுலபம்.
எங்களுடையவர் அவரல்ல.
எங்களுடையவர் அண்ணமார்.
மரத்தடியில் ஒரு கல், ஒரு பொல்லு,
சேவலும் கள்ளும்.
பெரிய கோயில் வாசலில் எங்களை மறித்த காலத்தில்
மறிக்காமல் இருந்தவர்.
பிறகு படித்தோம், காசு அனுப்பினோம்,
ஐயரை அழைத்தோம்.
ஒரு கும்பாபிஷேகத்தோடு அவர் பிள்ளையார் ஆனார்.
கல்லைக் கிணற்றடிக்கு நகர்த்தினார்கள்,
உடுப்புத் தோய்க்க உதவும் என்று.

இந்து என்ற ஒரே சொல்லைப் போர்த்திக்கொண்டு
இந்த அறைக்குள் வந்தவன் நான்.
மரத்தையும் கல்லையும் விசாரிக்கத் தொடங்கினால்
போர்வையை யாராவது தூக்கிப் பார்ப்பார்களோ.
அவ்வளவுதான். அந்தப் பயம்தான்.
"செயலாளர் வாக்களிக்கவில்லை" என்று
அழகான கையெழுத்தில் எழுதினேன்.
விடயம் மார்ச்சுக்கு ஒத்திவைப்பு.

கதிரைகளை அடுக்கும்போது
ஐலா இருந்த இடத்தில் ஒரு கல்.
ஏரிக்கரைக் கல், உள்ளங்கையளவு,
நடுவே சிவப்பாய் ஒரு கீற்று.
மறந்தாளா, வைத்துவிட்டுப் போனாளா, தெரியாது.
தவறவிட்ட பொருட்களுக்கு ஒரு படிவம் உண்டு.
பொருள்: கல்.
நிறம்: சாம்பல்.
பெறுமதி:
பேனை அங்கே நின்றுவிட்டது.

படிவத்தை மடித்துக் கிழித்தேன்.
காரை அங்கேயே விட்டுவிட்டு,
கல்லைக் கோட்டுப் பையில் பிடித்தபடி,
மூன்றாம் இலக்கத்துக்குக் காத்து நின்றேன்.
வந்த பஸ்ஸை ஓட்டியது வேறு யாரோ.
ஏறவில்லை.
அடுத்தது இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில்.